இமை சரியும் நோயும் இரத்தக் கொழுப்பும்

கரிசல் காட்டு ஜனங்களுக்குப் பாம்புக் கடியின் அடையாளங்களைப் பற்றி யாரும் உபந்நியாசம் செய்ய வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில், பருத்தியும் சோளமும் குதிரைவாலியும் விளையும் புன்செய்க் காடுகளில், எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்லுவாள். நல்ல பாம்போ கட்டுவிரியனோ தீண்டிவிட்டால் முதலில் கண் இமை சரியும். அடுத்து நாக்குக் குழறும். பிறகு எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சு முட்டும். தலைமுறை தலைமுறையாக அநுபவத்தில் கண்டறிந்த பாடம் இது.

ஆனால் பாம்பு எதுவும் தீண்டாமலே, ஏறக்குறைய இதே அடையாளங்களோடு, மாதக் கணக்காகவும் வருஷக் கணக்காகவும் ஒருவரைப் பிடித்து வாட்டும் வியாதி ஒன்று இருக்கிறது என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாது. அதற்கு வைத்திய சாஸ்திரத்தில் 'மயஸ்தீனியா கிராவிஸ்' என்று பெயர். தசைப் பலவீனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும், கடுமையானது என்று பொருள்படும் லத்தீன் சொல்லும் சேர்ந்தது அது. உலகத்தில் பத்து லட்சம் பேரில் சுமார் 150 முதல் 250 பேர் வரை இந்த நோய் உள்ளவர்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி விருதுநகர் ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்து 42 ஆயிரம். அந்த விகிதம் இங்கும் பொருந்துமானால், இந்த ஒரு ஜில்லாவிலேயே சுமார் 300 பேராவது இதனால் அவதிப்பட வேண்டும். அவர்களில் எத்தனை பேர் தங்கள் நோயின் பெயரைத் தெரிந்துகொண்டிருப்பார்கள்?

இந்த வாரம் அந்த நோயைப் பற்றியும், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு தொல்லையைப் பற்றியும் சற்று விவரமாகப் பார்ப்போம். அந்த இரண்டாவது தொல்லை இரத்தத்தில் ஏறும் கொழுப்பு. தசைக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒன்றுக்கு வைத்தியம் செய்யப் போய் மற்றொன்றை மோசமாக்கிவிடக் கூடும் என்பதனாலேயே இதை எழுதலானேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். காலையில் தறியில் உட்கார்ந்த குடும்பத் தலைவர் முதல் இரண்டு மணி நேரம் சரளமாக நெய்கிறார். பதினொரு மணிக்குப் பாவு இழைகள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. மத்தியானத்துக்கு மேல் நாடா ஓட்டக் கை எழவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சாப்பாட்டில் தாடை ஓய்ந்துபோகிறது. சாயங்காலம் பேச்சு மூக்கால் வருகிறது. ஒரு மணி நேரம் படுத்து எழுந்தாலோ, மறுபடியும் பழைய மனிதர்! வீட்டார் என்ன நினைப்பார்கள்? "வேலைக்குச் சோம்பல்" என்பார் மாமனார். "கண்ணாடி மாற்ற வேண்டும்" என்பான் மகன். "யார் கண் பட்டதோ" என்று மிளகாயைச் சுற்றிப் போடுவாள் அத்தை. உழைக்க உழைக்கச் சோர்வதும், ஓய்வெடுத்தால் தேறுவதும், காலையில் நன்றாயிருந்து மாலையில் தளர்வதும்தான் இந்த வியாதியின் முத்திரை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இது வெப்பத்தில் அதிகமாகிற நோய். நம் ஊர்க் கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வைத்தியர்கள் இந்தக் குணத்தையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சரிந்த இமையின் மேல் ஐஸ் கட்டியை ஒரு துணியில் சுற்றி இரண்டு நிமிஷம் வைத்தால், இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இமை சற்று மேலே எழும்புகிறது. விலையில்லாத சோதனை, பின்னால் செய்யவேண்டிய இரத்தப் பரிசோதனைக்கும் நரம்புப் பரிசோதனைக்கும் வழிகாட்டி.

இனி இந்த நோயின் உள்விவரத்தைப் பார்ப்போம். நரம்பு தசைக்குக் கட்டளையிடுவது ஒரு ரசாயனப் பொருளின் மூலமாக. அதற்கு அசெட்டைல்கோலின் என்று பெயர். நரம்பின் நுனியில் அது சுரந்து, தசையின் மேலுள்ள ஏற்பிகள் என்னும் சின்னஞ்சிறு வாயில்களில் போய்ச் சேர்ந்தால்தான் தசை சுருங்கும். நரம்பைத் தபால்காரன் என்றும், அசெட்டைல்கோலினைக் கடிதம் என்றும், ஏற்பியைத் தபால் பெட்டி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நாகப் பாம்பின் விஷம் தபால் பெட்டியின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. மயஸ்தீனியாவிலோ வெளியிலிருந்து பகைவன் வரவில்லை. கிருமிகளோடு போராடுவதற்காக நம் தேகம் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களே திசை தப்பி, தபால் பெட்டிகளை அடைப்பதும் உடைப்பதுமாக நாசம் செய்கின்றன. வேலியே பயிரை மேய்கிற கதை.

இதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு முந்நூறு வருஷம் பிடித்தது. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர், பேசப் பேச நாவடங்கிப் போகும் ஒரு ஸ்திரீயைப் பற்றி 1672-இல் எழுதி வைத்தார். இன்றுள்ள பெயரை 1895-இல் ஜெர்மனியில் யோலி என்பவர் வழங்கினார். 1934-இல் லண்டனை அடுத்த கிரீனிச்சில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மேரி வாக்கர் என்ற பெண் டாக்டருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. தென்னமெரிக்க வேடர்கள் அம்பில் தடவும் குராரே என்னும் விஷம் ஏறியவனைப் போலவே இந்த நோயாளிகள் இருக்கிறார்களே, அந்த விஷத்துக்கு மாற்றாக உள்ள பைசோஸ்டிக்மின் மருந்தை இவர்களுக்குக் கொடுத்தால் என்ன? கொடுத்தார், சரிந்த இமை எழுந்தது. அந்த மருந்தின் வழிவந்ததுதான் இன்று கொடுக்கப்படும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை. பின்னர் தைவானில் 1963-இல் ஒரு கட்டுவிரியன் இனத்தின் விஷத்திலிருந்து ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்த பொருள், தசையிலுள்ள ஏற்பிகளை எண்ணிப் பார்க்கவே பயன்பட்டது. நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் குறைந்திருப்பதை 1973-இல் கண்டார்கள். அதே வருஷத்தில், மின்சார விலாங்கு மீனின் ஏற்பியை முயல்களுக்குள் செலுத்தியபோது முயல்களுக்கும் அதே தளர்ச்சி கண்டது. பாம்பின் விஷம் மனிதனுடைய நோயை விளக்கிய விந்தை இது.

நம் தேசத்தில் இந்த நோயின் பெயரைப் பலரும் முதல் முதலாகக் கேட்டது ஒரு நடிகரால். 1982-இல் பெங்களூரில் 'கூலி' என்ற ஹிந்திப் படப்பிடிப்பில் படுகாயமுற்றுப் பிழைத்த அமிதாப் பச்சனுக்குச் சில வருஷங்களில் மயஸ்தீனியா கண்டிருப்பதாகத் தெரிய வந்தது. அதற்குப் பிறகும் பல பத்து வருஷங்களாக அவர் நடித்து வந்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இந்த நோய் வந்துவிட்டால் வாழ்வே அஸ்தமித்துவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு அது நல்ல திருஷ்டாந்தம். சரியான சிகிச்சையும் விடாமுயற்சியும் இருந்தால் பெரும்பாலோர் தங்கள் தொழிலைச் செய்துகொண்டு வாழலாம்.

அந்தச் சிகிச்சையில்தான் நம் இரண்டாவது விஷயம் ஆரம்பமாகிறது. பைரிடோஸ்டிக்மின் சில மணி நேரத்துக்குத் தெம்பு தரும். நோயின் வேரைத் தொடாது. வேரைத் தொடுவதற்கு, திசை தப்பிய எதிர்ப்புச் சக்தியை அடக்க வேண்டும். அதற்கு முதலில் கையாளப்படும் மருந்து பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு. சிலருக்கு மார்பெலும்பின் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியை அறுத்து எடுக்கிறார்கள். 126 நோயாளிகளை வைத்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தசைப் பலமும் கூடிற்று, ஸ்டீராய்டின் தேவையும் குறைந்தது. ஆயினும் பலருக்கு மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட வேண்டியதாகவே இருக்கிறது.

ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. அதில் சந்தேகமில்லை. ஆனால் அது கணக்குப் பார்க்காமல் உபகாரம் செய்வதில்லை. பசியைக் கிளப்பிவிடுகிறது. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. ஈரலைத் தூண்டி அதிகக் கொழுப்பைத் தயாரித்து இரத்தத்தில் விடச் செய்கிறது. கை காலிலுள்ள சதையைக் கரைத்து, வயிற்றிலும் முகத்திலும் கொழுப்பைச் சேர்க்கிறது. இதற்கு மேல், தளர்ச்சியால் நடமாட்டமும் குறைந்துபோகிறது. நாள் முழுவதும் மிதி மிதித்துக்கொண்டிருந்த கால்கள் திண்ணையில் ஓய்ந்து கிடக்கின்றன. சாப்பாடோ முன்னைவிட அதிகம். ஆறு மாதம் கழித்து இரத்தத்தைப் பரிசோதித்தால் கொழுப்பு ஏறாமல் என்ன செய்யும்? எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளில் சைக்ளோஸ்போரின் என்பதும் இவ்வாறே கொழுப்பை உயர்த்தக் கூடியது. அஸாதயோபிரின் போன்ற மருந்தை உடன் சேர்த்து ஸ்டீராய்டின் அளவை மெள்ள மெள்ளக் குறைத்துக்கொண்டு வருவதற்கு வைத்தியர்கள் பாடுபடுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இரத்தக் கொழுப்பு என்பது என்ன? எண்ணெய் தண்ணீரில் கலக்காது. இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். ஆகையால் கொழுப்பு தனியாக ஓட முடியாது. புரத வண்டிகளில் ஏறித்தான் பிரயாணம் செய்யும். எல்.டி.எல். என்னும் வண்டி ஈரலிலிருந்து புறப்பட்ட கொலஸ்ட்ராலைத் தேகமெங்கும் சுமந்து செல்லும். வண்டிகள் மிகுந்துவிட்டால் இரத்தக் குழாய்ச் சுவரில் சரக்கை இறக்கிவிடும். எச்.டி.எல். வண்டி மிச்சத்தைத் திரும்ப வாரிக்கொண்டு வரும். டிரைகிளிசரைடு என்பது, நாம் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடும் சோறும் சர்க்கரையும் எண்ணெயும் உருமாறிக் கிடக்கும் சேமிப்பு. இந்திய இருதய நிபுணர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, சாதாரண மனிதருக்கு எல்.டி.எல். 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அபாயம் அதிகமுள்ளவருக்கு 70-க்குள். மிக அதிகமுள்ளவருக்கு 55-க்குள்.

இதில் நம் தேசத்தின் நிலைமை ஏற்கெனவே கவலைக்கிடமானது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தாரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரும் தேச முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 81 பேருக்கு இரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு கோளாறு இருந்தது. பெரும்பாலும் எச்.டி.எல். குறைவாகவும் டிரைகிளிசரைடு அதிகமாகவும் இருப்பது நம்மவர் வாகு. மயஸ்தீனியா இளம் வயதில் ஸ்திரீகளையும், அறுபதுக்கு மேல் புருஷர்களையும் அதிகமாகப் பிடிக்கிறது. அறுபது வயதுப் புருஷர் என்றால் இருதய நோய்க்கும் அதுவே வயது. ஆகவே ஸ்டீராய்டு ஆரம்பிக்கும்போதே கொழுப்பும் சர்க்கரையும் உயர்ந்திருப்பவர் அநேகர். எரிகிற கொள்ளியில் எண்ணெய் விட்டது போலாகிறது.

இன்னொரு வழியும் உண்டு. மயஸ்தீனியா உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, இதே போன்ற திசை தப்பிய எதிர்ப்பினால், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியிலும் கோளாறு ஏற்படுகிறது. தைராய்டு சுரப்புக் குறைந்தால் எல்.டி.எல். உயரும், தசையும் சோரும். அப்படிப்பட்டவருக்குத் தைராய்டைச் சரி செய்தாலே கொழுப்பில் ஒரு பங்கு தானாக இறங்கும். ஆகையால் கொழுப்பு உயர்ந்திருக்கிறது என்றவுடன் கொழுப்பு மாத்திரையைத் தேடுவதற்கு முன், தைராய்டைப் பரிசோதித்தாயிற்றா என்று கேட்பது விவேகம்.

புதிய மருந்துகளிலும் இந்தக் கணக்கு வந்து நிற்கிறது. நம் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் அழிந்துபோகாமல் காவல் காக்கும் ஓர் ஏற்பியை மறித்துவிட்டால், தீங்கு செய்யும் எதிர்ப்பொருளும் குறையும் என்ற யுக்தியில் சில மருந்துகளைச் செய்தார்கள். எஃப்கார்டிகிமாட் என்பதற்கு 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே வகையைச் சேர்ந்த பட்டோக்ளிமாப் என்ற மருந்தின் பரிசோதனையோ, செலுத்திக்கொண்டவர்களுக்குக் கொலஸ்ட்ரால் உயர்ந்ததனால் 2021 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது என்று சொன்னால் ஆச்சரியமாயிருக்கும். அது ஊசி மூலம் செலுத்தும் மருந்து. காரணம் என்னவென்றால், அந்தக் காவல்காரன் எதிர்ப்பொருளை மட்டுமல்ல, ஆல்புமின் என்ற புரதத்தையும் காத்து வருகிறான். அவன் கையைக் கட்டினால் ஆல்புமின் குறைகிறது. ஆல்புமின் குறைந்தால் கொலஸ்ட்ரால் உயர்கிறது. சிறுநீரில் ஆல்புமின் ஒழுகிப்போகும் சிறுநீரக நோயாளிகளிடம் வைத்தியர்கள் நெடுநாளாகக் கண்டுவரும் உண்மை இது. எஃப்கார்டிகிமாட் ஆல்புமினை அவ்வாறு குறைப்பதில்லை. தசைக்கு மருந்து செய்கிறவர்களும் கொழுப்பைக் கவனிக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

இனி முக்கியமான சிக்கலுக்கு வருவோம். கொழுப்பை இறக்குவதற்கு உலகத்தில் அதிகமாகக் கையாளப்படுவது ஸ்டாட்டின் என்னும் மாத்திரை. ஜப்பானிய விஞ்ஞானியான அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை ஆராய்ந்து, அரிசியில் பூத்த ஒரு பூஞ்சணத்திலிருந்து 1973-இல் இவ்வகையின் முதல் பொருளைக் கண்டெடுத்தார். இன்று மாரடைப்பிலிருந்து கோடிக்கணக்கான மக்களைக் காத்து வருவது அந்தப் பூஞ்சணத்தின் வம்சம். ஆனால் இந்த நல்ல மருந்து, மயஸ்தீனியா உள்ள சிலருக்குத் தசைத் தளர்ச்சியை அதிகமாக்குகிறது. அமெரிக்காவில் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், ஸ்டாட்டின் சாப்பிட்ட 54 மயஸ்தீனியா நோயாளிகளில் 6 பேருக்கு நோய் முற்றிற்று. முன்பு நோயே தெரியாதிருந்த சிலருக்கு ஸ்டாட்டின் ஆரம்பித்த பிறகு மயஸ்தீனியா வெளிப்பட்டதாகவும், மிக அபூர்வமாக, செய்திகள் உண்டு. ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்புக் குழு 2023 ஜனவரியில் இந்த எச்சரிக்கையை ஸ்டாட்டின் மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொல்லிற்று. அதே வருஷம் செப்டம்பரில் பிரிட்டிஷ் அதிகாரிகளும் வைத்தியர்களுக்கு எச்சரிக்கை விடுத்தார்கள்.

இதைப் படித்தவுடன் "அப்படியானால் ஸ்டாட்டினே வேண்டாம்" என்று தீர்மானித்துவிடக் கூடாது. 54 பேரில் 6 பேருக்கு முற்றிற்று என்றால், 48 பேருக்கு முற்றவில்லை. இரண்டு எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். மயஸ்தீனியா நிபுணர்களின் சர்வதேச வழிகாட்டியும் ஸ்டாட்டினை விலக்கச் சொல்லவில்லை. ஆரம்பித்தால் கூர்ந்து கவனிக்கச் சொல்லுகிறது. முன்பே மாரடைப்பு வந்த ஒருவர் இமை சரியுமோ என்ற பயத்தால் ஸ்டாட்டினை நிறுத்தி மறுபடி மாரடைப்பை வரவழைத்துக்கொண்டால், அது கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகும்.

நம் நெசவாளர் வீட்டுக்கே திரும்பிப் போவோம். அவருக்கு ஸ்டீராய்டு ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது, எல்.டி.எல். 170. கொழுப்புக்கு மாத்திரை எழுதுகிறார் ஒரு டாக்டர். ஆறு வாரத்தில் மறுபடியும் தளர்ச்சி. குற்றவாளி யார்? சந்தேகத்துக்கு உரியவர்கள் மூவர்.

முதலாவது, மயஸ்தீனியாவே முற்றியிருக்கலாம். அப்படியானால் வலி இராது. காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும். கண்ணும் நாக்கும் தொண்டையும் சேர்ந்து தளரும். அதைத் தூண்டிவிட்டது ஸ்டாட்டினாகவும் இருக்கலாம், சளி ஜுரமாகவும் இருக்கலாம். இரண்டாவது, ஸ்டாட்டின் தசையை நேராகத் தாக்கியிருக்கலாம். அதில் தொடையும் தோளும் வலிக்கும்; தொட்டால் நோகும்; இமை சரிவதில்லை; இரத்தத்தில் சி.கே. என்னும் பொருள் ஏறியிருக்கும். மூன்றாவது, நெடுநாள் ஸ்டீராய்டு தசையை இளைக்கச் செய்திருக்கலாம். அதில் வலியும் இல்லை, சி.கே.யும் பெரும்பாலும் ஏறுவதில்லை. தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. முதலாவதற்கு மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும். மூன்றாவதற்கு அதே மருந்தைக் குறைக்க வேண்டியிருக்கும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடிய விஷயமா இது?

ஆனால் பெரும்பாலும் திண்ணையில்தான் தீர்மானமாகிறது. "அந்தப் புது மாத்திரைதான், மச்சான், எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள்" என்கிறான் மைத்துனன். இதைப் போல் அபாயமான யோசனை வேறில்லை. பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் தேகம், தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை நிறுத்தி வைத்திருக்கும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் இரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம். மயஸ்தீனியாவும் மூச்சை அடைக்கும் அளவுக்குப் பாயலாம். ஸ்டாட்டின்மேல் சந்தேகமானால் டாக்டரிடம் சொல்லி அதை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். வேறு ஸ்டாட்டினைக் குறைந்த அளவில் தொடங்கலாம். குடலிலேயே கொலஸ்ட்ராலை மறிக்கும் எஸிடிமைப் போன்ற மாற்று மருந்தும் இருக்கிறது. சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறவர்களுக்குச் சில ஸ்டாட்டின்களைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் ஸ்டாட்டின் இரத்தத்தில் பன்மடங்கு ஏறித் தசையைக் கெடுக்கும். ஆகவே ஒவ்வொரு டாக்டரிடமும் மற்ற டாக்டர் கொடுத்த மருந்துகளின் பட்டியலைக் காட்டியே தீரவேண்டும்.

ஸ்டாட்டின் மட்டுமல்ல. ஜென்டாமைசின் ஊசி, சிப்ரோஃப்ளாக்ஸசின், அஸித்ரோமைசின் முதலிய கிருமிக் கொல்லிகள், மக்னீஷியம் ஊசி, குளோரோகுயின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் ஆகியவையும் இந்த நோயை முற்றச் செய்யக் கூடியவை. காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் யாருக்கும் நல்லதல்ல. மயஸ்தீனியா உள்ளவருக்கு அது உயிருக்கே உலை. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தருகிறார்கள். வருகிற சுகாதார ஊழியரிடம் முதல் வார்த்தையாக இந்த நோயின் பெயரைச் சொல்ல வேண்டும்.

ஆகாரத்தைப் பற்றிச் சில வார்த்தை. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவையும் சாத்தூர்க் காராச்சேவையும் குறை சொல்லி இந்தச் சீமையில் யாரும் நல்ல பெயர் வாங்க முடியாது. ஆயினும் இந்த நோயாளிக்கு அவை இரண்டு வகையில் பகை. பொரித்த எண்ணெயும் மாவும் கொழுப்பை ஏற்றும். மென்று மென்று தாடை ஓய்ந்த சமயத்தில் மொறுமொறுப்பான துணுக்கு தொண்டையில் சிக்கி மூச்சுக் குழலில் போய்விடவும் கூடும். காலையிலேயே நல்ல ஆகாரமாக வைத்துக்கொள்வது மேல்; அப்போதுதான் தாடையில் பலமிருக்கும். பைரிடோஸ்டிக்மின் மாத்திரையைச் சாப்பாட்டுக்குச் சுமார் அரைமணி முன்னதாகச் சாப்பிட்டால் விழுங்குவது எளிது. நீர்த்த கஞ்சி சிலருக்கு மூக்கில் ஏறும்; சற்றுக் கெட்டியான கூழ் நன்றாக இறங்கும். நம் காட்டுக் குதிரைவாலியிலும் கம்பிலும் நார்ச்சத்து உண்டு; குழைய வேகவைத்து, பருப்பும் கீரையும் சேர்த்தால் போதும். தானியம் எதுவானாலும் அளவு மிஞ்சினால் டிரைகிளிசரைடாகத்தான் முடியும். சிறு தானியம் என்பதற்காகப் பெரிய கிண்ணம் வைத்துக்கொள்ளக் கூடாது. கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, ஒருமுறை பொரித்ததை மறுமுறை காய்ச்ச வேண்டாம். ஸ்டீராய்டு எலும்பையும் அரிப்பதால் மோருக்கும் கேழ்வரகுக்கும் இலையில் இடமிருக்கட்டும். வெயில் ஏறுமுன் காலையில், களைப்பு வருமுன் நிற்கும்படியாகக் கொஞ்ச தூரம் நடக்கலாம்.

எங்கே போவது என்று கேட்டால், வெகு தூரமில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை சுமார் 50 கிலோமீட்டர். அங்கே அரசு இராஜாஜி ஆஸ்பத்திரியில் நரம்பு வைத்தியப் பகுதி இருக்கிறது. விருதுநகரிலேயே 2022-இல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டிருக்கிறது. ஸ்டீராய்டு ஆரம்பிக்குமுன் ஒரு தடவை, ஆரம்பித்துச் சில மாதத்தில் ஒரு தடவை, பிறகு டாக்டர் சொல்லும் தவணைகளில் கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்கும்படி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்பது நோயாளியின் உரிமை. கேட்காமல் விட்டால் கூட்டத்தில் மறந்துபோவதும் சகஜம்.

பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும் வீட்டில் நோட்டுப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு நோட்டை எடுத்து இடப்பக்கம் தசைக்கு, வலப்பக்கம் கொழுப்புக்கு என்று ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் காலையும் மாலையும் இமை எப்படி, பேச்சு எப்படி, சாப்பிட எத்தனை நேரம், ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது என்று குழந்தை எழுதட்டும். வழக்கமாக முப்பது நாற்பது எண்ணுகிறவர் இருபதை எட்ட முடியாமல் போனாலும், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலும், படுத்தால் மூச்சுத் திணறினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். வலப்பக்கத்தில் ஒவ்வொரு பரிசோதனையின் எண்களையும், எந்த மாத்திரை எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்தத் தேதியில் அளவு மாறியது என்பதையும் எழுதுங்கள். புது மாத்திரைக்குப் பிறகு இமை சரிந்ததா, அதற்கு முன்பே சரிந்துகொண்டிருந்ததா என்ற கேள்விக்கு ஞாபகத்தை நம்பிப் பதில் சொல்ல முடியாது, தேதி சொல்லும். நரம்பு டாக்டர் இடப்பக்கத்தை மட்டும் கேட்பார். இருதய டாக்டர் வலப்பக்கத்தை மட்டும் கேட்பார். இருவருக்கும் நோட்டை முழுவதுமாகவே கொடுங்கள்.